தோட்டப் பிள்ளையும் சட்டத்தின் வயதும்

மகாபாரதத்து ஆதிபர்வத்திலே மாண்டவிய முனிவரின் வரலாறு ஒன்று கூறப்பட்டுள்ளது. மௌன விரதம் பூண்டிருந்த அம்முனிவரின் ஆச்சிரமத்திற் கள்வர் சிலர் தாம் கவர்ந்த பொருளை ஒளித்துத் தாமும் ஒளிந்துகொண்டனர். காவலர் வந்து வினவியபோது முனிவர் வாய் திறந்திலர். அரசன் அவரையுங் கள்வருள் ஒருவராகக் கருதிக் கழுவேற்றினான். தவவலியால் உயிர் நீங்காதிருந்த முனிவர் பின்னர்த் தருமதேவதையை அணுகித் தாம் இத்துயர் உறுதற்குச் செய்த பாவம் யாதெனக் கேட்டார். சிறுவராயிருந்த காலத்திற் புல்லின் நுனியாற் பூச்சிகளைக் குத்தி விளையாடியதன் பயனே அது என்று தருமதேவதை விடை கூறிற்று. சிறு பிழைக்குப் பெருந்தண்டம் விதித்தமை கண்டு சினந்த முனிவர், தருமதேவதையை மானிடப் பிறப்பெடுக்குமாறு சபித்தார். விதுரன் தோன்றியது அச்சாபத்தாலேயாம். அவ்வளவில் அமையாது, 14 வயதுக்கு உட்பட்டோர் செய்யுஞ் செயல் இனிமேற் பாவமாகக் கொள்ளப்படாது என்று ஓர் எல்லையையும் அவர் வகுத்தார்.

இக்கதையில் விதுரன் பிறப்பைப் பெரிதாக நினைவிற் கொள்வோர் அந்த எல்லையை மறந்துவிடுவதுண்டு. தண்டனை அளிக்கும் அதிகாரம் தருமதேவதையிடத்ததாயினும், குழந்தையின் செயலை அளக்குங் கோல் வேறாதல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். அக்கோல் வயது என்பதும், அவ்வயதுக்கு ஓர் எண் வேண்டும் என்பதும் அங்கேயே கூறப்பட்டுவிட்டன. உரோமச் சட்டம் 7 வயது வரை குழந்தைப் பருவம் என்றது. ஆங்கிலப் பொதுச் சட்டமும் 7 என்றே கொண்டது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை அவ்வெண்ணையே ஏற்றது. 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகிய இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை அதனோடு ஓராண்டு கூட்டி 8 ஆக்கிற்று. 8 வயதுக்குக் குறைந்த பிள்ளை செய்வது எதுவுங் குற்றமன்று. 8க்கும் 12க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இருந்ததா என நோக்கல் வேண்டும் என்பது அதன் 75ஆம், 76ஆம் பிரிவுகளின் சாரம். நம் பாட்டியல் நூலாரும் பேதை, பெதும்பை எனப் பெண்பாற் பருவங்களை வகுத்து வயதெல்லை கூறினர். ஆயின் அது செய்யுட்கு உரிய கணக்கு, நீதிமன்றத்துக்கு உரியதன்று.

சட்டம் பிள்ளையை வயதாலன்றி அறியாது. வயதோ பதிவாலன்றி அறியப்படாது. சட்டத்திலே எத்துணை நல்ல எல்லை வகுக்கப்படினும், பிறந்த நாள் எழுதப்படாத பிள்ளைக்கு அவ்வெல்லை எப்பக்கத்தில் உள்ளது என்பதை எவருஞ் சொல்ல இயலாது. இலங்கைத் தோட்டப் பகுதிகளிற் சிறுவர் நலச் சட்டங்கள் பெற்ற வெற்றியுந் தோல்வியும் பெரும்பாலும் இவ்வொன்றைப் பற்றியே நின்றன. நுவரெலியா, ஹட்டன் பகுதிகளைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனராதலின், அதிகம் பேசப்படாத சப்பிரகமுவ மாகாணத்துத் தெஹியோவிட்டப் பகுதியை முன்வைத்து இது ஈண்டு ஆராயப்படுகின்றது.

தெஹியோவிட்ட கேகாலை மாவட்டத்தின் தென்பாகத்தில், களனிப் பள்ளத்தாக்கில் அமைந்த சிற்றூர். அவிசாவளை, ருவான்வெல்லை, யட்டியாந்தோட்டை, தெரணியகலை ஆகியன அதன் அயலூர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பள்ளத்தாக்கிலே தேயிலை பரவிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பர் அதன் இடத்திற் பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. தமிழகத்து மாவட்டங்களினின்று கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டோர் குடும்பம் குடும்பமாகவே வந்தனர். மலாயாவுக்குத் தனித்து ஆடவர் மிகுதியாகச் சென்றமைக்கு இது மாறானது. தோட்டத்துக்கு வேண்டியது கைகள். தந்தையின் கை, தாயின் கை, பிள்ளையின் கை என மூவகைக் கையும் ஒரே லயக்காம்பராவில் இருந்து பிரட்டுக்களத்துக்கு வந்தன. பிள்ளை என்னுஞ் சொல் தோட்டத்தில் இருவகையாக வழங்கிற்று: பெயர் பதியுங் கணக்கப்பிள்ளையும் பிள்ளையே, அவர் ஏட்டில் அரைப்பேர் பெறும் சிறுவனும் பிள்ளையே.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி வேலையை விட்டு நீங்குதல் சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாயிருந்தது. கங்காணியிடம் பெற்ற கடன் துண்டில் எழுதப்பட்டுத் தோட்டத்துக்குத் தோட்டம் தொடர்ந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலச் சங்கத்தை நிறுவி இத்தண்டனைப் பிரிவுகளை எதிர்த்துப் போராடினார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலே துண்டு முறை ஒழிந்தது. தந்தையின் கடனே குடும்பத்தைத் தோட்டத்தோடு பிணித்திருந்த காலத்திற் பிள்ளையின் உரிமையைப் பற்றித் தனியே பேசுதற்கு இடமில்லை. ஆதலாற் சிறுவர் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் துண்டு ஒழிந்ததையும் அதனுட் சேர்த்து எழுதுதல் முறையாகும்.

பிள்ளை என்ற முறையிலே தோட்டப் பிள்ளையை முதன்முதல் நோக்கிய சட்டம் 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். தோட்டத்தில் வேலை செய்யும் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தலும், அதற்குத் தக்க ஓர் அறையை ஒதுக்கிப் பேணுதலும் தோட்டத் துரையின் கடன் என அது விதித்தது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மேலும் வலியுறுத்திற்று. கிராமத்துப் பிள்ளையின் கல்வியை அரசாங்கமும் சமயச் சங்கங்களும் நோக்க, தோட்டத்துப் பிள்ளையின் கல்வி மாத்திரம் அதன் தந்தைக்கு வேலை கொடுக்கும் முதலாளியிடம் விடப்பட்டது. பிள்ளையின் உழைப்பால் இலாபம் பெறுபவரையே அப்பிள்ளையை உழைப்பினின்று காக்கும் காவலராகவும் ஆக்கியது அக்காலச் சட்டத்தின் பெரும் பிழை எனலாம். நல்ல துரைமாரும் இருந்தனர். அவர் தோட்டத்தில் நல்ல பாடசாலையும் இருந்தது. ஆயின் உரிமை என்பது ஒரு துரையின் நற்குணத்தைப் பொறுத்ததாயின், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் உரிமையும் அவரோடு சென்றுவிடும்.

இருபது ஆண்டுகள் கழித்து 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பள (இந்தியத் தொழிலாளர்) கட்டளைச் சட்டம் வந்தது. தொழிலாளர் வரலாற்றிலே அது ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துதலை அது விலக்கியது. அதன்கீழ் 1929இல் நிருணயிக்கப்பட்ட நாட்சம்பளம் தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதமாயிற்று. இந்த மூன்றாவது எண்ணைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். நாட்டின் சட்டம் பிள்ளை என்று ஒரு வகுப்பை ஏற்று அதற்கு ஒரு விலையையும் எழுதிவைத்தது. அதிகாலையிற் பால்வெட்டுக்குச் செல்லும் தாயின் பின்னே புல்லு வெட்டவும், ஒட்டுப்பால் பொறுக்கவும் சென்ற சிறுவனுக்கு அன்று கிடைத்த சட்ட உரிமை 30 சதம்.

1907ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1927ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கல்வி 10 வயதில் முடிகின்றது. வேலை 10 வயதில் தொடங்குகின்றது. இடையே ஒரு நாளேனும் வெறிதே விடப்படவில்லை. இது தற்செயலாக நேர்ந்த பொருத்தமன்று. பாடசாலை என்பது பிள்ளை வேலைக்குப் பழுக்கும் வரை வைத்திருக்கும் இடமாகவே கருதப்பட்டது. தோட்டத்துப் பிள்ளை மடுவம் கைக்குழந்தையைத் தாய் வேலை செய்யும் வரை வைத்திருந்தவாறு, பாடசாலை அதற்கு மூத்த பிள்ளையை வைத்திருந்தது.

வெளியுலகில் அக்காலம் சிறுவரைப் பற்றிய எண்ணம் பெரிதும் மாறிவந்தது. 1899இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துச் சிக்காகோ நகரிலே சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் முதன்முதல் அமைக்கப்பட்டது. 1908இல் பிரித்தானியா சிறுவர் சட்டம் இயற்றியது. 1920இல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதலாவதான சிறுவர் சட்டத்தை நிறைவேற்றிற்று. அதற்கு முன்னரே, 1887இல், செங்கற்பட்டிலே சீர்திருத்தப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. களனிப் பள்ளத்தாக்கின் லயன்களில் வாழ்ந்தோர் எந்த மாகாணத்தை விட்டு வந்தனரோ அந்த மாகாணத்திற் பிள்ளைகளுக்கெனச் சட்டம் ஏற்பட்டுப் 19 ஆண்டுகள் சென்ற பின்னரே இலங்கையில் அத்தகைய சட்டம் தோன்றிற்று.

அந்த 1939ஆம் ஆண்டு இலங்கைச் சமூகச் சட்டங்களின் வரலாற்றிற் பொன்னெழுத்துக்களாற் பொறிக்கத்தக்கது. டொனமூர் யாப்பின்கீழ் அமைந்த அரசாங்க சபை ஓராண்டினுள்ளே கல்விக் கட்டளைச் சட்டம் (31ஆம் இலக்கம்), பிரசவ உதவிக் கட்டளைச் சட்டம் (32ஆம் இலக்கம்), இளங்குற்றவாளிகள் பயிற்சிப் பாடசாலைக் கட்டளைச் சட்டம் (28ஆம் இலக்கம்), சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் (48ஆம் இலக்கம்) ஆகியவற்றை இயற்றியது. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே சிறுவர் நீதியின் அடித்தளம். 1933ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை அது பெரிதும் பின்பற்றியது. 14 வயதுக்குக் குறைந்தோர் பிள்ளைகள், 14க்கும் 16க்கும் இடைப்பட்டோர் இளம் ஆட்கள் என வகுத்தது. அவர்தம் வழக்குகளை விசாரிக்கும் மன்றம் பொதுமக்கள் கூடாத தனியிடத்தில் அமர்தல் வேண்டும் என்றது. பிள்ளையின் பெயரைச் செய்தித்தாள் வெளியிடலாகாது என்றது. வளர்ந்த கைதிகளோடு வைக்காது தடுப்பு இல்லத்தில் வைத்தலும், சான்றுபெற்ற பாடசாலைக்கு அனுப்புதலும், தகுதியுடைய ஒருவரின் பொறுப்பில் ஒப்படைத்தலும் அதனால் இயன்றன. குற்றஞ் செய்த பிள்ளையை மட்டுமன்றிப் பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிநிற்கும் பிள்ளையையும் ஒரே மன்றத்தின்கீழ்க் கொணர்ந்தது அதன் சிறப்பு. களவு செய்த பிள்ளையும் கைவிடப்பட்ட பிள்ளையும் பல வேளைகளில் ஒரே பிள்ளை என்பதைச் சட்டம் அறிந்துகொண்ட காலம் அது.

குறையும் இருந்தது. ஆண்பிள்ளைக்குப் பிரம்படி விதிக்கும் அதிகாரம் மன்றத்திடம் விடப்பட்டது. நீதிமன்றத்துப் பிரம்பு 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தாலேயே முற்றாக நீக்கப்பெற்றது. தனிச் சிறுவர் நீதிமன்றம் நெடுங்காலம் கொழும்பு நகருக்கே உரியதாயிருந்தது. ஏனைய இடங்களில் வழக்கமான நீதவான் நீதிமன்றமே அவ்வேளைக்குச் சிறுவர் நீதிமன்றமாக அமரும். ருவான்வெல்லையிலோ அவிசாவளையிலோ காலையிற் கள்ளச் சாராய வழக்கு நடந்த அதே கட்டடத்திற் பிற்பகலிற் சிறுவனின் வழக்கு நடக்கும் என்றால், தனியிடம் என்ற சட்டச் சொல்லுக்கு உள்ள பொருளைப் படிப்போரே ஊகித்துக்கொள்ளலாம்.

1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கப் பிள்ளை மகவேற்புக் கட்டளைச் சட்டம் மகவேற்பைப் பற்றியதென்றே பலர் எண்ணுவர். அதில் வேறொரு பகுதியும் உண்டு. பெற்றோரல்லாத ஒருவர் பிறர் பிள்ளையைத் தம் வீட்டில் வைத்திருப்பின், பாதுகாவலராகப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என அது விதித்தது. வீட்டு வேலைக்கென அழைத்துச்செல்லப்படும் பிள்ளைகளைக் கருதியே இவ்வேற்பாடு அமைந்தது எனக் கொள்ளலாம். களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்கள் ஏனைய தோட்டப் பகுதிகளைக் காட்டிலுங் கொழும்புக்கு அண்மையில் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புகையிரதப் பாதை அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டை வரை நீண்டது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட அக்கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்திற் கழற்றப்பட்டபோது பேருந்து அதன் இடத்தைப் பெற்றது. புகையிரதமாயினும் பேருந்தாயினும், துணிப்பொட்டலத்தோடு தலைநகரின் பெரிய வீடுகளுக்குச் சென்ற சிறுமியர்க்கு வழி எளிதாயிருந்தது. அவர்களை அழைத்துச் சென்ற வீட்டாருள் எத்தனை பேர் பாதுகாவலராகப் பதிவு செய்தனர் என வினவுவோர்க்கு இச்சட்டப் பகுதி ஒன்று இருந்தது என்பதே புதுச் செய்தியாயிருக்கும்.

1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டமும், 1956இல் தனியே அமைந்த நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களமும் இம்முறைக்குக் கைகளும் கால்களும் ஆயின. அதே 1956இல் 47ஆம் இலக்கப் பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகள் தொழிற் சட்டம் சில விலக்குகளோடு பிள்ளைகளின் வேலையைக் கட்டுப்படுத்திற்று.

இங்ஙனம் சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே தோட்டப் பிள்ளையின் காலடி நிலம் அகற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையின் பிறப்பைக் காட்டியே பிள்ளை குடியுரிமை பெறல் வேண்டும் என்றது. தந்தை இலங்கையிற் பிறந்தார் என்பதற்குப் பத்திரம் யாது? பதிவின்மை இங்கே தலைமுறை கடந்து தண்டித்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இலவசக் கல்வி கிடைத்தபோதும், தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே நின்றன. அவை அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டது, 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தின் பின்னர், 1970களின் பிற்பாதி முதலாகவேயாம். முப்பது ஆண்டுத் தாமதம் என்பது ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவத்தை மூன்று முறை விழுங்கவல்லது.

1964ஆம் ஆண்டு ஒக்தோபர் 30ஆம் நாள் கையொப்பமான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திற் பிள்ளைகள் எங்கே உள்ளனர் எனத் தேடுவோர் ஒரு சொற்றொடரிலே அவர்களைக் காண்பர். 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை அளிக்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்த் தீர்மானிக்கப்படும். இவ்வெண்களோடு அவற்றின் இயற்கைப் பெருக்கமும் சேரும் என்றது ஒப்பந்தம். அவ்வியற்கைப் பெருக்கமே பிள்ளைகள். தெஹியோவிட்டயில் ஒரு லயனிற் பிறந்து, அயல் லயனிற் பாடம் படித்து, பத்தாம் வயதில் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்திற் காலூன்றிய பிள்ளை, இரு நாட்டு அரசாங்கங்களின் பேரேட்டில் ஒரு கூட்டற் குறியாகவே இருந்தது. பிள்ளையின் நலனே முதன்மையானது என்னும் கோட்பாட்டை 1939ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுக்கு அறிமுகஞ் செய்து 25 ஆண்டுகள் கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே பெரும்பாலுந் தீர்ந்தது.

அண்மைக்காலச் சட்டங்கள் விரைந்து வந்தன. அவற்றை விரைந்தே கூறலாம். 1987இன் பதின்மூன்றாம் அரசியல் யாப்புத் திருத்தத்தால் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு ஆகியன மாகாண சபைகளுக்கு உரியனவாயின. 1991 ஜூலையில் இலங்கை ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை ஏற்று, 1992இல் சிறுவர் பட்டயத்தை வெளியிட்டது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தண்டனைச் சட்டக்கோவையிற் புதிய குற்றங்களாகச் சேர்த்தது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றிற்று. அதே ஆண்டு முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை 16 ஆயிற்று. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், 135 ஆண்டுகளாக நின்ற 8 என்னும் எண்ணை நீக்கி 12 ஆக்கியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்ட பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் ஆராய்தல் வேண்டும் என்றது. மாண்டவியர் வகுத்த எல்லையை இலங்கைச் சட்டம் இவ்வளவில் அணுகியுள்ளது. 2021ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு அமர்த்தத்தக்க வயதை 14இலிருந்து 16க்கு உயர்த்தியது.

இறுதியிற் கூறிய திருத்தத்திலே ஒரு நயம் உண்டு. கட்டாயக் கல்வி முடியும் வயதும் வேலை தொடங்கும் வயதும் மீண்டும் ஒன்றாயின. 1927இல் அவ்விரண்டும் பத்திற் சந்தித்தன. 2021இற் பதினாறிற் சந்தித்தன. ஒரே பொருத்தம் ஒரு காலத்திற் பிள்ளையை வேலைக்குத் தள்ளுங் கதவாயும் பிறிதொரு காலத்தில் வேலையினின்று தடுக்குங் கதவாயும் அமைந்தது.

அச்சட்டம் நிறைவேறி ஓராண்டு முடிவதன் முன்னர், 2021 ஜூலையில், மலையகத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி கொழும்பில் வேலைக்கிருந்த வீட்டிலே தீக்காயமுற்று மருத்துவமனையில் இறந்தாள். நாடெங்கும் துயரமுஞ் சினமும் எழுந்தன. வேலைக்கு வந்த நாளில் அவளுக்கு வயது யாது என்பது அப்போது எழுந்த முதல் வினாக்களுள் ஒன்று. உயிர் போன பின்னரும் பிள்ளைக்காகச் சட்டம் முதலிற் கேட்பது வயதையே.

தெஹியோவிட்ட இன்று ஒரு கல்வி வலயத்தின் தலைமையிடம். பிரதேச செயலகத்திற் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உளர். நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத் திணைக்களத்தின்கீழ்ப் பணிபுரிவர். காவல் நிலையங்களிற் சிறுவர், பெண்கள் பிரிவு உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் எண்ணிப்பார்க்கவும் இயலாதவை இவை. எனினும் இரண்டு தடைகள் எஞ்சி நிற்கின்றன.

ஒன்று மொழி. அரசியல் யாப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்கட்குப் புறத்தே நீதிமன்ற மொழி பொதுவாகச் சிங்களமாகும். தமிழ் பேசும் பிள்ளைக்கு அரசே மொழிபெயர்ப்பாளரை அளித்தல் வேண்டும் என்பதும் அதே உறுப்புரையின் விதி. ஆயின் பிள்ளையின் முதிர்ச்சியை ஆராய்தல் என்பது வெறுஞ் சொல்லுக்குச் சொல் பெயர்த்தலன்று. 13 வயதுச் சிறுவன் ஒருவன் தலைகுனிந்து நின்று, ‘தெரியாமச் செஞ்சிட்டேங்க’ எனின், செய்வது இன்னதென அறியாது செய்தான் என்பதா, அதன் விளைவை அறியாது செய்தான் என்பதா, அன்றி அச்சத்தால் அவ்வாறு கூறுகின்றான் என்பதா? தோட்டத் தமிழில் அச்சொல் மன்னிப்புக் கேட்கும் வாய்பாடும் ஆகும். இவ்வேறுபாட்டின்மீதே 76ஆம் பிரிவு முழுவதும் நிற்கின்றது. நன்னடத்தை உத்தியோகத்தர் அவனுடைய தாயிடம் லயத்துக்குச் சென்று அவள் மொழியில் உரையாட வல்லவராயின், மன்றத்துக்கு அளிக்கும் அறிக்கை ஒருவகையாய் அமையும். அல்லராயின், அயலார் ஒருவர் இடைநின்று கூறியதே அறிக்கையாகும்.

மற்றையது பதிவு. தோட்டத்தில் நிகழும் பிறப்பைத் தோட்டத் துரை எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்பது 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் ஏற்பாடு. கல்வியைத் துரையிடம் விட்ட 1907ஆம் ஆண்டின் எண்ணமே இங்கும் தொடர்ந்தது. துரையின் அலுவலகத்து எழுத்தர் தாம் கேட்டவாறு பெயரை எழுதினார். பதிவாளர் அதனைத் தம் மொழிக்கேற்பப் படித்தார். பிள்ளையின் பெயர் ஒன்று, பத்திரத்தின் பெயர் மற்றொன்று ஆயிற்று. இன்று மருத்துவமனைப் பிறப்பே வழக்கமாகிவிட்டமையால் இக்குறை புதுத் தலைமுறைக்குப் பெரிதும் நீங்கியுள்ளது. ஆயினும் குடும்பம் சிதறிப் பாட்டியிடம் வளரும் பிள்ளைகள், தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்றுவிட்ட பிள்ளைகள், பெற்றோரின் திருமணப் பதிவின்மையாற் பத்திரத்திற் பாதி வெறுமையாய் நிற்கும் பிள்ளைகள் ஆகியோரின் தாள்கள் இன்னுஞ் சீர்பட்டில.

பிறப்புப் பதிவு எங்கும் அகப்படாதோர்க்கு அரசாங்கம் உத்தேச வயது அத்தாட்சிப் பத்திரம் வழங்குவது உண்டு. அச்சொல்லை ஆக்கியோர் உண்மையை மறைத்திலர்: வயது உத்தேசமே. அதனைப் பெறுதற்குச் சாதகக் குறிப்பு, அம்மை குத்திய அட்டை, பாடசாலைச் சேர்வு இடாப்பின் பிரதி ஆகியன சான்றாகக் காட்டப்படும். இவற்றுள் இடாப்பே பெரும்பாலும் எஞ்சுவது. பழைய தோட்டப் பாடசாலையின் ஒரே ஆசிரியர் கையில் ஐந்து வகுப்புகளும் அவ்விடாப்பும் இருந்தன. பிள்ளையைக் கைபிடித்து அழைத்துவந்த பாட்டி, காமன் கூத்து ஆடிய மாதம் என்பாள். பெரியதுரை மாறிப்போன வருடம் என்பாள். ஆற்றில் வெள்ளம் ஏறிய மறுகிழமை என்பாள். ஆசிரியர் விரல் மடித்துக் கணக்கிட்டு ஒரு நாளை எழுதுவார். கணக்குக் கூடிவாராவிடின், ஆண்டை மட்டும் ஊகித்து, சனவரி முதலாந் திகதி என எழுதிவிடுவார். அவருக்கு அது அன்றைய வகுப்பைத் தொடங்குதற்கு வேண்டிய ஒரு வரி. நீதவான் ஒரு பிள்ளைக்கு 12 நிரம்பிற்றா, 14 கடந்ததா என வினவும் நாளிலே திறந்து பார்க்கப்படும் ஏடுகளுள் அவ்விடாப்பும் ஒன்று.